“அத்தையே ஓட்டிப் பாத்துட்டாங்க!” – ஒரு மறுப்பு

கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள்.



எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மூன்று வாரமாக ஒரே பேச்சுதான். என் அண்ணன் மகன் கார் வாங்கப் போகிறான். கோவையில் நல்ல வேலை, நல்ல சம்பளம், கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. “தினமும் ஆபீஸ் போய் வர ஒரு பெர்ஃபார்மன்ஸ் கார் பாத்துட்டு இருக்கேன், எது எடுக்கலாம் சொல்லுங்க” என்று ஒரு நாள் குழுவில் போட்டான். அவ்வளவுதான். சிவப்பு நல்லா இருக்கும் என்றார் சித்தப்பா. வெள்ளைதான் ராசி என்றாள் நங்கை. மாப்பிள்ளைமார் எல்லாம் எத்தனை செகண்டில் நூறு போகும் என்று பட்டியல் போட்டார்கள். “தினமும் ஆபீஸ் போறதுக்கு அது எதுக்கு கண்ணு?” என்று நான் ஒரே ஒரு வரி போட்டேன். அதற்குப் பதினோரு சிரிப்பு பொம்மை. “அத்தைக்கு இதெல்லாம் தெரியாதுங்க” என்று ஒரு பதில்.

அதை விட்டுவிட்டேன். ஆனால் போன வாரம் அவனே குழுவில் எழுதினான்: “டெஸ்ட் டிரைவ் வந்தப்ப அத்தையே ஓட்டிப் பாத்துட்டாங்க. சூப்பரா இருக்குன்னு சொல்லிட்டாங்க. இனி யாரும் பேசப்படாது!”

என் பெயரைச் சாட்சியாகப் போட்டுவிட்டான். ஓட்டிப் பார்த்தது உண்மை. என்ன நடந்தது என்பதை அவன் எழுதவில்லை. நானும் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் கணக்கைப் பார்த்துவிடுவோம். முப்பத்தேழு வருஷம் இடைநிலை ஆசிரியையாக இருந்தவள். பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருஷம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: தெரிந்த பொருளிலிருந்து தெரியாத பொருளுக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ.

தெரிந்த பொருள்: கிணத்து மோட்டார்.

எங்கள் தோட்டத்துக் கிணற்றில் இருப்பது 5 ஹெச்பி மோட்டார். அது ஓடினால் இரண்டு ஏக்கர் தென்னைக்குத் தண்ணீர் பாயும். ஹெச்பி என்றால் குதிரைத்திறன். ஒரு குதிரைத்திறன் 746 வாட். ஏழாம் வகுப்பில் என்னிடம் படித்தவர்களுக்கு இது மறந்திருக்காது, மறந்திருந்தால் வெட்கப்படுங்கள். 1983-இல் வந்த மாருதி 800-இல் இருந்தது நாற்பதுக்கும் குறைவான குதிரைத்திறன். அந்த வண்டியில்தான் பாதித் தமிழ்நாடு பழனிக்கும் திருப்பதிக்கும் போய் வந்தது. நானும் 2004-இல் அதில்தான் கார் பழகினேன்.

இப்போது என் அண்ணன் மகன் பட்டியலில் முதலில் இருப்பது ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ. 2025-இல் நம் நாட்டுக்கு வந்தது. 265 குதிரைத்திறன். அதாவது ஐம்பத்து மூன்று கிணத்து மோட்டார். ஏறக்குறைய ஏழு மாருதி 800. இரண்டாவது மஹிந்திரா பிஇ 6, மின்சாரக் கார். பெரிய பேட்டரி வகைக்கு 286 குதிரைத்திறன். மூன்றாவதாக ஆசைக்கு மட்டும் பிஒய்டி சீல் என்று ஒன்று போட்டு வைத்திருக்கிறான். அதில் உச்ச வகைக்கு 530. நின்ற இடத்திலிருந்து நூறைத் தொட 3.8 விநாடி என்கிறது அந்தக் கம்பெனி.

இவை எல்லாம் நல்ல இயந்திரங்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. செய்தவர்கள் கெட்டிக்காரர்கள். இயந்திரத்தின் மேல் ஆசை வைப்பது தப்பு என்றும் நான் சொல்லவில்லை. என் சண்டை “தினமும்” என்ற அந்த ஒரு வார்த்தையோடுதான்.

தினமும் என்றால் என்ன? வடவள்ளியிலிருந்து சரவணம்பட்டி. பதினேழு பதினெட்டு கிலோமீட்டர். காலையில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று கேட்டேன். “ஒரு மணி நேரம் ஆயிருதுங்க அத்தை” என்றான். சரி, கணக்குப் போடு. மணிக்கு 18 கிலோமீட்டர். என் அப்பா சைக்கிளில் பால் ஊற்றப் போன வேகம். அந்த வழியில் ரோடு காலியாகக் கிடைக்கிற இடமெல்லாம் சேர்த்தால் எவ்வளவு வரும்? “மூணு கிலோமீட்டர் வரும்” என்றான். அந்த மூன்று கிலோமீட்டரை 60-இல் போனால் 3 நிமிஷம். 90-இல் போனால் 2 நிமிஷம். லாபம் 1 நிமிஷம். அந்த ஒரு நிமிஷத்தையும் அடுத்த சிக்னல் சிவப்பாக நின்று வாங்கிக்கொள்ளும். ஐம்பத்து மூன்று கிணத்து மோட்டாரை வாங்கி, ஒரு குடம் தண்ணீர் இறைக்கிற கதை.

“அவினாசி ரோடு பாலம் திறந்தாச்சே” என்கிறார்கள். ஆமாம், 2025 அக்டோபரில் திறந்தார்கள். ஜி.டி.நாயுடு பெயர் வைத்திருக்கிறார்கள். பத்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. நல்ல பாலம். ஊருக்கு நெரிசல் குறையட்டும் என்று கட்டினார்கள். உன் காருக்குப் பந்தயத் தளமாகக் கட்டவில்லை.

அடுத்து பணம். உன் பணம், உன் விருப்பம், நான் குறுக்கே வரவில்லை. ஆனால் கணக்கு தெரிந்து செலவு செய்ய வேண்டும். அந்த ஜிடிஐ வந்தபோது ஷோரூம் விலையே ஏறக்குறைய 53 லட்சம். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். வரி மட்டுமே கிட்டத்தட்டப் பத்து லட்சம். அதன் மேல் இன்சூரன்ஸ். அப்புறம் டயர். இந்த மாதிரிக் கார்களின் டயரில் 225/40 ஆர்18 என்று எழுதியிருக்கும். 225 என்பது அகலம், மில்லிமீட்டரில். 40 என்பது அந்த அகலத்தில் 40 சதவீதம் பக்கச் சுவரின் உயரம் என்று பொருள். பெருக்கினால் 90 மில்லிமீட்டர். ஒன்பது சென்டிமீட்டர் ரப்பர்தான் நம் ஊர்க் குழிக்கும் உன் விலை உயர்ந்த சக்கரத்துக்கும் நடுவில் இருக்கிறது.

நம் ஊர் வேகத்தடையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வேகத்தடைக்கு அளவு கொடுத்திருக்கிறது. 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், தழையத் தழைய ஏறி இறங்க வேண்டும். நம் பஞ்சாயத்துகளில் அந்த அளவை யார் பார்த்தார்கள்? மிச்சம் இருந்த தாரைக் கொட்டி, மண்வெட்டியால் தட்டி, வரப்பு மாதிரி ஒன்று போட்டுவிட்டுப் போகிறார்கள். வெள்ளைக் கோடும் கிடையாது. அதன் மேல் தாழ்ந்த காரை ஏற்றினால் அடிவயிறு உரசும். ரோட்டைச் சரியாகப் போடாதவர்களைக் கேள்வி கேட்க வேண்டும்தான். அதுவரைக்கும் இருக்கிற ரோட்டுக்குத் தகுந்த வண்டி வாங்குவதுதான் புத்தி.

இதற்கெல்லாம் என் மாணவர்கள் பதில் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். யாரையும் பெஞ்சு மேல் ஏற்ற மாட்டேன், பயப்பட வேண்டாம்.

முதல் பதில்: “டீச்சர், பெர்ஃபார்மன்ஸ் கார்தான் பாதுகாப்பு. பிரேக் அவ்வளவு நல்லா இருக்கும்.”

இதுதான் நல்ல மாணவர்கள் சொல்கிற பதில். அதனால் இதற்குக் கணக்கே போட்டுவிடுகிறேன். ஆபத்தைக் கண் பார்த்து, மூளை புரிந்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 100 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு சுமார் 28 மீட்டர். ஆக, கால் பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே வண்டி 42 மீட்டர் போய்விடும். அந்த 42 மீட்டரில் எந்த பிரேக்கும் வேலை செய்யாது. ஐம்பது லட்சம் கொடுத்தாலும் அது குறையாது. அது உன் உடம்பு சம்பந்தப்பட்டது. அதற்குப் பிறகு சாதாரணக் கார் காய்ந்த ரோட்டில் நிற்க சுமார் 55 மீட்டர் எடுக்கும். உன் உயர்ந்த பிரேக் 43 மீட்டரில் நிறுத்தும் என்றே வைத்துக்கொள்கிறேன். மொத்தம் 85 மீட்டர்.

இப்போது அதே சாதாரணக் காரை 60-இல் ஓட்டு. கால் போவதற்குள் 25 மீட்டர், நிற்க 20 மீட்டர், மொத்தம் 45 மீட்டர். 30-இல் ஓட்டினால் மொத்தமே சுமார் 17 மீட்டர். நூறில் போகிற உயர்ந்த காரை விட, அறுபதில் போகிற சாதாரணக் கார் பாதித் தூரத்தில் நிற்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்கு. கரும்பலகையில் எத்தனை தடவை எழுதிப் போட்டிருப்பேன்!

இரண்டாவது பதில்: “அஞ்சு ஸ்டார் வாங்கின கார், ஆறு ஏர்பேக் இருக்கு.”

ரொம்ப நல்லது. கட்டாயம் வேண்டும். ஆனால் ஐந்து நட்சத்திரம் வாங்க 265 குதிரை தேவையில்லை. பாரத் என்கேப் சோதனையில் டாடா பஞ்ச் மின்சாரக் கார் 2024-இலேயே ஐந்து நட்சத்திரம் வாங்கிவிட்டது. இன்னொன்று, ஏர்பேக் உனக்கு விரியும். ரோட்டில் நடப்பவருக்கு விரியாது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கையைப் படித்தேன். அந்த ஒரு வருஷத்தில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 462 பேர். விபத்து எண்ணிக்கையில் முதலிடம் எந்த மாநிலம் தெரியுமா? நம் தமிழ்நாடு. 64,105 விபத்துகள். இறந்தவர்கள் 17,884 பேர். நாடு முழுவதும் இறந்தவர்களில் நூற்றுக்கு எழுபத்தொரு பேருக்கு அதிவேகம் காரணம் என்று போட்டிருக்கிறது. இறந்தவர்களில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் நடந்து போனவர். காருக்குள் இருந்தவர்கள் எட்டில் ஒருவர்தான்.

என் வருகைப் பதிவேட்டில் இருந்த பெயர்களில் எனக்குத் தெரிந்து நான்கு பேர் ரோட்டில் போய்விட்டார்கள். மூன்று பேர் பைக்கில் போனவர்கள். ஒருத்தி பஸ் ஸ்டாப்பில் இறங்கி ரோட்டைக் கடந்தவள். நான்கு பேரில் ஒருவர்கூடக் காரில் இல்லை. ஆகவே, “எனக்குப் பாதுகாப்பு” என்று காரைப் பற்றி யாராவது சொன்னால், யாருக்கு என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது பதில்: “பவர் இருந்தா அதைப் பயன்படுத்தணும்னு கட்டாயமா? நான் அறுபதுலதான் போவேன்.”

அறுபதில் போகிறவனுக்கு எதற்கு சாமி 265? பட்டுப்புடவை என்றால் வாங்கி பீரோவில் வைக்கலாம், விசேஷத்துக்கு எடுக்கலாம். இது தினமும் உன் வலது காலுக்கு அடியில் இருக்கப் போகிறது. நீ நல்லவன்தான். ஆனால் ஒரு நாள் மேனேஜர் திட்டியிருப்பார். ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்கு ரோடு காலியாக இருக்கும். ஒரு நாள் எவனோ ஒருவன் பின்னாலிருந்து ஹாரன் அடித்து, கையை ஆட்டிவிட்டு முந்திப் போவான். அந்த மூன்று நாளும் நல்லவனாகவே இருப்பேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட முடியுமா? என்னால் முடியாது. ஏன் முடியாது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நான்காவது பதில்: “அஜித் ஓட்டலையா டீச்சர்?”

ஓட்டுகிறார். 2025 ஜனவரியில் துபாயில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய அணி அதன் பிரிவில் மூன்றாவதாக வந்ததை நானும் டிவியில் பார்த்துக் கைதட்டினேன். ஆனால் அது பந்தயத் தளம். தலைக்கவசம், தீப்பிடிக்காத உடை, பக்கத்தில் மருத்துவக் குழு. எதிரே மாட்டுவண்டி வராது. நம் கோவைக்கே அந்தப் பெருமை உண்டே. இந்தியாவிலிருந்து ஃபார்முலா ஒன்றுக்குப் போன முதல் ஆள் நரேன் கார்த்திகேயன் நம் ஊர்க்காரர், 2005-இல் போனார். செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருபது வருஷத்துக்கு மேலாக இருக்கிறது. சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு தளம் இருக்கிறது. ஆசை இருக்கிறதா? முறையாகப் பயிற்சி எடு. வருஷத்துக்கு நான்கு நாள் அங்கே போய் ஆசை தீர ஓட்டு. வந்து கைதட்டவும் நான் தயார். வேகம் காட்டுவதற்கு நியாயமான இடம் நம் வாசலில் இருக்கும்போது, சத்தி ரோட்டில் எதற்குக் காட்ட வேண்டும்?

ஐந்தாவது பதில், உறவுக்காரப் பெரியவர்கள் சொல்வது: “பையன் உழைச்சுச் சம்பாதிச்சான். வாங்கட்டும் விடு. நாலு பேரு பாக்கட்டும்.”

இவர்கள் மேல்தான் எனக்கு உண்மையான கோபம். பையன்களுக்கு வயசு, ஆசைப்படுவான். நமக்கு என்ன ஆயிற்று? கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனால் வாசலில் நிற்கிற காரைப் பார்த்துத்தான் காபியா, டிகாக்‌ஷன் போட்ட நல்ல காபியா என்று முடிவு செய்கிற ஊராகிவிட்டோம். அந்த நாலு பேர் பார்ப்பதற்காகப் பையன் வாங்குகிறான். பார்க்கிற நாலு பேர் நாம்தான்.

2024 மே மாதம் புனேயில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? நள்ளிரவு தாண்டி ஒரு போர்ஷே டைகான் கார் மோதி, பைக்கில் போன இரண்டு இளம் இன்ஜினியர்கள் செத்துப்போனார்கள். ஓட்டியது பதினேழு வயசுப் பையன் என்று வழக்கு. அன்றைக்கே ஜாமீன். நிபந்தனைகளில் ஒன்று, சாலை விபத்து பற்றி 300 வார்த்தையில் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்பது. நாடே கொதித்த பிறகுதான் அந்த உத்தரவு மாறியது.

முப்பத்தேழு வருஷம் கட்டுரை நோட்டுத் திருத்தியவள் சொல்கிறேன். கட்டுரை என்பது முன்னுரை, பொருளுரை, முடிவுரை. “சாலை விதிகளை மதிப்போம், விபத்தைத் தவிர்ப்போம்” என்று முடிவுரை எழுதாத பிள்ளையே என் வகுப்பில் கிடையாது. எல்லோருக்கும் நான் பத்துக்கு எட்டுப் போட்டிருக்கிறேன். எழுதியவர்கள் எல்லாம் இன்றைக்கு ரோட்டில் எப்படிப் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கட்டுரையால் யாரும் திருந்தவில்லை. அதனால்தான் காலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது முக்கியம் என்கிறேன்.

சரி. இனி அந்த டெஸ்ட் டிரைவ்.

ஒரு வியாழக்கிழமை. அண்ணன் மகன் காரோடு ஊருக்கே வந்துவிட்டான். கூட ஷோரூம் பையன் ஒருவன். எது என்று பெயர் சொல்லப் போவதில்லை, அந்தக் காரின் மேல் குற்றமும் இல்லை. அம்மாவிடம் காட்டி விபூதி வைத்துக்கொண்டான். “அத்தை, நீங்க ஒரு ரவுண்டு ஓட்டுங்க” என்றான். எனக்கும் ஆசைதான். மறைக்கவில்லை. என்னிடம் இருப்பது பழைய வேகன் ஆர். அது எழுபதைத் தாண்டினால் டேஷ்போர்டு பாட ஆரம்பிக்கும், கண்ணாடி நடுங்கும், “போதும் தாயே” என்று அதுவே சொல்லும்.

இந்தக் கார் ஒன்றுமே சொல்லவில்லை. சத்தம் இல்லை, ஆட்டம் இல்லை. மெயின் ரோட்டிலிருந்து நம் பள்ளிக்கூடத்து ரோட்டில் திரும்பினேன். உங்களுக்கே தெரியும், நேர் ரோடு, இரண்டு பக்கமும் புளியமரம். “கொஞ்சம் மிதிங்க மேடம்” என்றான் ஷோரூம் பையன். மிதித்தேன். யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளின மாதிரி இருந்தது. அறுபத்தைந்து வயசில் ஊஞ்சல் ஆடின சந்தோஷம். “சூப்பரா இருக்கு கண்ணு” என்று நான் சொன்னது அந்த இடத்தில்தான். என் கணக்குக்கு நாற்பதில் போய்க்கொண்டிருந்தேன்.

மணி நாலு பத்து. பள்ளிக்கூடம் விடுகிற நேரம். பத்தொன்பது வருஷம் அந்த மணியை அடிக்கச் சொன்னவள் நான். அது எனக்கு ஞாபகம் வரவில்லை.

ஒரு தண்ணீர் பாட்டில் ரோட்டில் உருண்டு வந்தது. அதன் பின்னாலேயே ஒரு பெண் குழந்தை. ஐந்தாவதோ ஆறாவதோ படிப்பாள். பாட்டில் முன்னாலேயே கண்ணில் பட்டதால் கால் பிரேக்குக்குப் போயிருந்தது. கார் நின்றது. அவளுக்கும் காருக்கும் நடுவே ஒரு டெஸ்க் நீளம் இருந்தது.

பிரேக் மிதிக்கும்போது திரையில் பார்த்த எண் இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. 74. நாற்பது என்று நினைத்துக்கொண்டு எழுபத்து நாலில் என் பள்ளிக்கூடத்து வாசலுக்கு வந்திருக்கிறேன்.

அந்தக் குழந்தை பாட்டிலை எடுத்துக்கொண்டு, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, பயந்துபோய், “சாரிங்க டீச்சர்” என்றாள்.

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.

பின்னால் இருந்த ஷோரூம் பையன் சொன்னான்: “பாத்தீங்களா மேடம், பிரேக் எப்படிப் புடிக்குது!” அண்ணன் மகனும் ஆமாம் என்று தலையாட்டினான். அவர்களைப் பொறுத்தவரை கார் பரீட்சையில் பாஸ். நான் இறங்கி, சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தே வந்தேன். பிரேக் நன்றாகப் பிடித்தது உண்மை. ஆனால் நான் உண்மையிலேயே நாற்பதில் வந்திருந்தால் அந்த பிரேக்கின் பெருமை தெரிந்திருக்கவே தெரிந்திருக்காது. என் பழைய வேகன் ஆரே சாவகாசமாக நின்றிருக்கும்.

இதுதான் என் முழு வாதம். நான் ஒழுங்காக ஓட்டுகிறவள். இருபது வருஷமாக ஒரு அபராதம் கட்டியதில்லை. குடிப்பதில்லை, போன் எடுப்பதில்லை. அந்த ரோட்டையும் அந்த மணியையும் என்னை விட அறிந்தவர் யாரும் இல்லை. எனக்கே மூன்று நிமிஷத்தில் இது நடந்தது. வேகத்தை உடம்புக்குத் தெரியாமல் செய்வதுதான் அந்தக் காரின் திறமை. தெரியாத வேகத்தை யாரால் கட்டுப்படுத்த முடியும்?

“அப்படின்னா எந்தக் காரைத்தான் வாங்கறது?” என்று கேட்பீர்கள். திட்டிவிட்டுப் போவது ஆசிரியர் வேலை இல்லை. இதோ மதிப்பெண் பட்டியல், மொத்தம் 100. டெஸ்ட் டிரைவ் போகும்போது கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

1. பாதுகாப்பு – 25. ஐந்து நட்சத்திரம், ஆறு ஏர்பேக், வண்டி சறுக்காமல் பிடிக்கிற இஎஸ்சி. பின் சீட்டில் நடுவில் உட்கார்கிறவருக்கும் தோளோடு மாட்டுகிற பெல்ட். இருந்தால் போதாது, போட வேண்டும்.

2. பார்வை – 20. ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளையை வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் நிற்கச் சொல்லிப் பாருங்கள். எத்தனை அடி தள்ளி நின்றால் தலை தெரிகிறது? எந்த விமர்சன வீடியோவிலும் இதைச் சொல்ல மாட்டார்கள்.

3. மெதுவாகப் போகும்போது எப்படி இருக்கிறது – 20. காந்திபுரத்தில் மாலை ஆறு மணிக்கு அரை மணி நேரம் ஓட்டுங்கள். கால் வலிக்கிறதா, வண்டி குதிக்கிறதா, முதுகு என்ன சொல்கிறது? உங்கள் வாழ்க்கை பெரும்பாலும் அந்த வேகத்தில்தான் கழியப் போகிறது.

4. நம் ரோடு – 15. தரையிலிருந்து எவ்வளவு உயரம், டயரின் பக்கச் சுவர் எவ்வளவு, ஸ்டெப்னி இருக்கிறதா அல்லது பஞ்சர் ஒட்டும் டப்பா மட்டும்தானா?

5. செலவு – 10. வரி, இன்சூரன்ஸ், ஒரு டயர் விலை, ஐந்து வருஷ எரிபொருள் அல்லது கரண்ட். எல்லாம் கூட்டி ஒரு தாளில் எழுதி வீட்டில் காட்ட வேண்டும்.

6. சர்வீஸ் – 10. உங்கள் ஊரில் இருக்கிறதா, பக்கத்து மாநிலத்துக்குப் போக வேண்டுமா?

குதிரைத்திறனுக்கு மதிப்பெண் கிடையாது. பாஸ், ஃபெயில் மட்டும்தான். ஐந்து பேர், மூட்டை முடிச்சோடு ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவும் திணறாமல் ஏற வேண்டும். ஏறினால் பாஸ். அதற்கு மேல் இருப்பது மலைக்கும் வேண்டாம், ஆபீசுக்கும் வேண்டாம். நூறு குதிரை உள்ள எத்தனையோ கார்கள் பாட்டுப் பாடிக்கொண்டு ஏறுகின்றன.

அதிகத் திறனுள்ள காரை ஏற்கெனவே வாங்கிவிட்ட என் மாணவர்கள் இருக்கிறீர்கள். விற்கச் சொல்லவில்லை. பெரும்பாலான புதுக் கார்களில் வேக எச்சரிக்கையை நாமே வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2023 நவம்பரில் கார்களுக்கு 60, குடியிருப்புத் தெருக்களுக்கு 30 என்று அறிவித்தது. உங்கள் ஊருக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டும் முறைகளில் ‘ஸ்போர்ட்’ என்று இருப்பதை ஊருக்குள் தொடாதீர்கள். பள்ளிக்கூடம் விடுகிற நேரம் தெரியாவிட்டால் எல்லா நேரமும் பள்ளிக்கூடம் விடுகிற நேரம் என்றே நினைத்து ஓட்டுங்கள்.

என் அண்ணன் மகனுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை.

கண்ணு, “சூப்பரா இருக்கு” என்று நான் சொன்னது உண்மை. அதை நான் வாபஸ் வாங்குகிறேன். குழுவில் போட்டிருக்கிறாயே, அந்த வரியை எடுத்துவிடு. எடுக்க மனசில்லை என்றால் அதற்குக் கீழே மீதியையும் எழுது. அந்தக் குழந்தை யார் என்று அடுத்த நாள் பள்ளியில் போய் விசாரித்தேன். அவள் அம்மா என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவள். வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் அம்மா, “பரவால்லைங்க டீச்சர், இவதான் பாத்து வந்திருக்கணும்” என்று சொல்லி டீ போட்டுக் கொடுத்தாள். அந்த டீ எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

நீ எந்தக் கார் வாங்கினாலும், வாங்கிய மறுநாள் நாலு மணிக்கு ஊருக்கு வா. நான் பக்கத்தில் உட்காருகிறேன். மெயின் ரோட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் முப்பதில் ஓட்டிக் காட்டு. அதுதான் என் டெஸ்ட் டிரைவ்.

பின்னூட்டத்தில் திட்ட நினைப்பவர்கள் தாராளமாகத் திட்டலாம். எழுத்துப் பிழை இல்லாமல் திட்டவும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்